பின்பக்கமாக வந்தவள்

எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மாவோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டுத்தான் நான் கிளம்பினேன். கையில் சித்திக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா தந்த தேங்காய்ச் சம்பல் டப்பா. எங்கள் லேனில் இறங்கி, மெயின் ரோட்டுக்கு வந்து, பஸ் புகையைத் தின்றுகொண்டே நடந்து, அடுத்த லேனில் மறுபடி ஏறி, மூச்சு வாங்கச் சித்தி வீட்டுக்குள் நுழைந்தால், அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு. தட்டில் சித்தி சுட்ட ரொட்டி.

“என்ன மேப்பு, சுத்தி வந்தியா?” என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு. “குடு குடு. சம்பலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது பட்டது. சித்தி வீட்டு வாசலில் நின்று மேலே பார்த்தேன். எங்கள் வீட்டு நீலத் தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. சத்தமாகக் கூப்பிட்டால் அம்மா எட்டிப் பார்ப்பாள், அவ்வளவு கிட்ட. நடுவில் இருப்பதெல்லாம் கொஞ்சம் தேயிலைச் செடி, ஒரு தகர வேலி, ஒரு வீடு. அதைக் கடக்க முடியாமல் நான் மலையை விட்டு இறங்கி மறுபடி மலை ஏறி வந்திருக்கிறேன். இந்த ஊர் மீன் முள் மாதிரி வளர்ந்திருக்கிறது! நடு முள் ஒன்று, மெயின் ரோடு. அதிலிருந்து லேன் லேனாகக் கிளம்புகிறது, ஒவ்வொன்றும் மேலே போய் எங்கோ ஒரு சுவரில் முட்டி நிற்கிறது, ஒன்றும் இன்னொன்றைத் தொடவில்லை.

என்ன அருமையான யோசனை என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த யோசனைக்கு முன்னால் அவள் உட்கார்ந்து என் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யோசனையும் பொறாமையும் சேர்ந்தேதான் வந்தன. இன்று வரை அவற்றை என்னால் பிரிக்க முடியவில்லை.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. எழுதமாட்டேன். எழுதினால் இதை வாசிக்கிற வீட்டிலும் யாராவது “வாம்மா” என்று அவளுக்கு ஒரு பலகையை இழுத்துப் போடுவார்கள்.

அவள் எங்கள் ஊர்க்காரிகூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உடப்புசல்லாவைப் பக்கத்து ஏதோ தோட்டம். அட்டன் டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்து, எங்கள் லேனில் அறை எடுத்துத் தங்கினாள். நானோ இதே மலையில் பிறந்தவன். பல்கலைக்கழகம் போய்ப் புவியியல் படித்து, ரோடும் குடியிருப்பும் எப்படிப் பரவுகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதி, இப்போதும் ஃபோனைத் திறந்தால் வரைபடத்தைத்தான் முதலில் திறக்கிறவன். அதனால்தான் ‘மேப்பு’. அவள் வைத்த பெயர். வைத்த வாரத்திலேயே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரவாதா பின்னே, அவள் போகாத அடுப்படி ஏது?

அவளுக்கு வழியே தெரியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரோட்டில் விட்டால் தொலைந்துபோவாள். ஒருமுறை தலவாக்கலைக்குப் போகவேண்டியவள் மஸ்கெலியா பஸ்சில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே போய், அவர் வீட்டிலேயே பகல் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். “நல்ல ஆளுங்க” என்றாள் வந்து. கிழக்கு எது மேற்கு எது என்று கேட்டால் சிரிப்பாள். ஒரு வீட்டுக்கு வழி சொல்லச் சொன்னால், “அந்தக் குண்டு நாய் படுத்திருக்கும்ல, அவங்க கொல்லையில புகுந்து, கொடியில துணி காயும் பாரு, அதுக்குக் கீழ குனிஞ்சு போ” என்பாள். துணி எடுத்துவிட்டால்? நாய் எழுந்து போய்விட்டால்? அதெல்லாம் அவளுக்குக் கவலையில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பதுதான்.

எந்த வீட்டுக்கும் முன்வாசலால் வரமாட்டாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்படிப் பக்கமாக வந்து நின்று, “என்னா ஆக்குறீங்க, ரோட்டு வரைக்கும் மணக்குதே?” என்பாள். ரோடு எங்கே, மணம் எங்கே. அப்பட்டமான பொய். ஆனால் அதைக் கேட்டதும் ஒவ்வொரு பொம்பளையும் சட்டி மூடியைத் திறந்து காட்டுவாள். இவளும் கூச்சமே இல்லாமல் விரலை விட்டு ருசி பார்ப்பாள். உப்புப் பத்தாது என்பாள். குடை இரவல் வாங்குவாள், திருப்பித் தர மறப்பாள். அந்த வீட்டின் வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வழி விடுங்கள் என்று அவள் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“ஏன் இப்படிப் பின்பக்கமா வர்றே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முன்னால வந்தா நாற்காலியத் தொடைச்சுப் போடுறாங்க மேப்பு. பின்னால வந்தா சட்டியத் தொறந்து காட்டுறாங்க. எனக்குச் சட்டிதான் வேணும்.”

எங்கள் லேனின் நடுவில் ஒரு சிங்களக் குடும்பம். அவர்கள் நாய் என்னைப் பார்த்தால் இன்னும் குரைக்கும். அந்த வீட்டு நோனா இவளுக்கு மட்டும் “நங்கி, என்ட!”, வா தங்கச்சி என்று கேட்டைத் திறந்துவிடுவாள். என் அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் பசியோடு வந்தாலும் முதலில், “அந்தப் புள்ளைக்கு ரெண்டு ரொட்டிய எடுத்து வச்சுட்டுச் சாப்புடு” என்பாள்.

சரி, என் யோசனைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் இப்படி ஆனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முன்பு இந்த மலையில் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயங்கள் இருந்தன. லயத்தை நான் புகழப்போவதில்லை. ஒழுகுகிற கூரையும் ஒரே பீலியில் தண்ணீருக்கு நிற்பதும் யாருக்கு வேண்டும்? ஆனால் ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கும், கோயிலுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்கும் தேயிலைக்குள்ளால் குறுக்குப் பாதைகள் ஓடின. எங்கே நின்றாலும் நாலு பக்கம் போகலாம். பிறகு டவுன் மேலே ஏறி வந்தது. காணி துண்டு துண்டாக விற்பனைக்கு வந்தது. விற்றவர்கள் மெயின் ரோட்டிலிருந்து மேலே ஒரு லேன் வெட்டினார்கள், காணி முடிந்த இடத்தில் லேனும் முடிந்தது. அடுத்தவர் அவர் பங்குக்கு ஒரு லேன். வாங்கியவர்கள் முதல் வேலையாக வேலி போட்டார்கள். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு குறுக்குப் பாதை செத்தது. வீடு கூடக் கூட ஊர் பெரிதாகிறது, ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உள்ள தூரமும் கூடிக்கொண்டே போகிறது. இது எல்லா ஊரிலும் நடக்கிறது, புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் படித்தபோது காலில் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

முட்டி நிற்கிற லேன்களுக்கெல்லாம் சிவப்பு அடித்துப் படம் வரைந்தேன். வரைந்து முடித்தபோது ஊருக்கே அம்மை போட்ட மாதிரி இருந்தது. எங்கள் லேனையும் சித்தி லேனையும் மட்டும் ஒரு பச்சைக் கோட்டால் சேர்த்துவிட்டால் போதும், ஒரு வளையம் கிடைத்துவிடும். சேர்க்கிற இடத்தில் ஒரே ஒரு வீடு. சித்தி லேனில் வாசல் வைத்த கண்டாக்கு ஐயா வீடு. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டாக்காக மலையில் நின்று தொழிலாளர்களிடம் வேலை வாங்கி, ஓய்வு பெற்று வந்து கட்டிய வீடு.

முன்வாசலால் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். படத்தை விரித்தேன். இணைப்பு, சந்திகள், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், எல்லாம் சொன்னேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க தம்பி. இந்தப் பச்சைக் கோடு எது மேல போகுது?”

“ஒங்க கோழிக்கூட்டு மேல ஐயா.”

உள்ளே பெரியம்மா, ஐயாவின் மனைவி, சிரிக்கிற சத்தம் கேட்டது.

“தம்பி,” என்றார் ஐயா, படத்தை மடித்து என் கையில் கொடுத்து. “உத்தியோகம் பாத்த காலம் பூரா கொம்பனி குவாட்டஸ். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தொரையக் கேக்கணும். இப்பத்தான் எனக்குன்னு ஒரு வேலி இருக்கு. அதுல ஓட்டை போடச் சொல்றீங்களே.”

 திரும்பி, மெயின் ரோட்டைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருஷம் திருவிழா நெருங்கியபோது அம்மா ஒரு விஷயத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எங்கள் மாரியம்மன் ஊர்வலம் போன வழியில் திரும்பாது. அதுதான் வழக்கம். லயம் இருந்த காலத்தில் சப்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகச் சுற்றி வந்து கோயிலில் சேர்ப்பார்கள். இப்போது? லேனுக்குள் ஏறினால் முட்டி நிற்க வேண்டும், முட்டினால் திரும்ப வேண்டும், திரும்பக் கூடாது. அதனால் அம்மன் மெயின் ரோட்டோடு போய்விடும். மேலே இருக்கிறவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு இறங்கி வர வேண்டும். போன தடவை மழை கொட்டி அம்மாவின் கற்பூரம் பற்றவே இல்லை. “சொந்த வீடு கட்டி என்னாத்துக்கு? லயத்துல இருந்தப்ப வாசலுக்கு வந்த சாமி இப்ப ரோட்டுல நின்னு பாக்காமப் போகுது” என்றாள்.

நான் துள்ளி எழுந்தேன். இதை விட நல்ல சந்தர்ப்பம் வருமா? படத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கமிட்டிக்குப் போனேன். எங்கள் லேனில் ஏறி ஐயா வீட்டு வளவு வழியாக அடுத்த லேனில் இறங்கலாம், வளையம், திரும்பவே வேண்டாம் என்றேன். கமிட்டித் தலைவர், “ரோசனை சரிதான். ஐயா வேலிய யாரு தொறக்கிறது? நீங்க கேட்டீங்களா?” என்றார். கேட்டதைச் சொல்லவில்லை.

அம்மா அவளிடம் புலம்பியிருக்கிறாள். மறுநாள் ஞாயிறு. அவள் அடுப்படிப் பக்கமாக எட்டிப் பார்த்து, “வா மேப்பு. ஆனா வாயத் தொறக்காத. அந்த ஃபோனையும் எடுக்காத” என்றாள்.

தேயிலைக்குள் குனிந்து போனோம். வேலியில் ஒரு தகரம் ஆடியது. அதை இப்படித் தள்ளி அப்படி நுழைந்தாள். நானும் நுழைந்து சட்டையைக் கிழித்துக்கொண்டேன்.

“பெரியம்மா! என்னா மணக்குது? நெத்தலியா?”

“வந்துட்டியா? வா வா. இதாரு, மேப்பு தம்பியா? சட்டைக்கு என்னாச்சு?”

ஐயா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இவள் அவர் பக்கத்தில் குந்தினாள். முழங்கால் வலியைக் கேட்டாள். பாமசியில் புதிதாக வந்த தைலத்தைப் பழித்தாள். எந்தக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்று கேட்டாள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எப்போது விஷயத்துக்கு வருவாள்?

“ஐயா, நீங்க லிந்துலையில இருந்தப்ப அம்மன் ஒங்க குவாட்டஸ் வாசலுக்கு வருமா?”

“வராம? மொத பூசையே நமக்குத்தான்.” நெஞ்சு நிமிர்ந்தது.

“இங்க வந்தா எங்கிட்டு எறக்கி வைப்பீங்க?”

ஐயா நிமிர்ந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: “எங்கிட்டு எறக்குறது? கோழிப் பீயிலயா?”

“நீ சும்மா இரு.” தீனிப் பேசினைக் கீழே வைத்துவிட்டு ஐயா நாலடி நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். காலால் மண்ணை மிதித்துப் பார்த்தார். “இங்கன. கெழக்கப் பாத்து.”

“அங்க கூடு இருக்கே ஐயா.”

“கூடு என்னா பெரிய கூடு. தூக்கி அங்கிட்டு வச்சாப் போச்சு.”

என் பச்சைக் கோடு போனது சரியாக அந்த இடத்தில்தான். என் வாய் திறந்தது. அவள் என் காலை மிதித்தாள்.

“ஆனா ஐயா, சாமி வந்த வழியில திரும்பாதுல்ல” என்றாள், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி. “வளவுக்குள்ள எப்பிடி வந்து எப்பிடிப் போகும்?”

ஐயா வேலியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “அந்தத் தகரத்தக் கழட்டணும்” என்றார் கடைசியில், தனக்கே தோன்றிய யோசனை போல. அவருக்கே தோன்றியதுதான், என்ன சொல்வது? என் படத்தில் நான் போட்டது அவர் தலையில் முளைப்பதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நெத்தலிப் பொரியலை ருசி பார்க்க உள்ளே போய்விட்டாள்.

திருவிழா அன்று அம்மன் எங்கள் லேனில் ஏறி வந்தது. தப்பு அடிக்கிற சத்தம் மலையில் மோதித் திரும்பியது. எங்கள் வாசலில் சப்பரத்தை இறக்கியபோது அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பூசாரி அம்மன் கழுத்துப் பூவில் கொஞ்சம் பிய்த்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை அவள் தலையில் வைத்துவிட்டாள். பிறகு அம்மன் வேலியைக் கடந்து, கோழிக்கூடு இருந்த இடத்தில் கிழக்கே பார்த்து இறங்கி, சித்தி லேனில் இறங்கிப் போனது. திரும்பவில்லை. ஐயா வேட்டியும் சால்வையுமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: “எல்லாம் நம்ம புள்ளையோட ரோசனை.”

நம்ம புள்ளை என்றது என்னை இல்லை.

ஆனாலும் அன்றைக்கு நான் தூங்கப்போனது சந்தோஷமாகத்தான். யார் பெயர் சொன்னால் என்ன, வேலி திறந்துவிட்டதே. இரண்டு லேன் சேர்ந்துவிட்டது. விடிந்ததும் சித்தி வீட்டுக்கு அந்த வழியாகவே நடப்பது என்று கிளம்பினேன். தேயிலைக்குள் போகும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது.

“என்னாங்க ஐயா, திரும்ப அடைக்கிறீங்க?”

“சாமி போயிருச்சுல்ல தம்பி.”

“ஆளுங்க போக வர இருக்கட்டுமே.”

“இன்னைக்கு ஆளு வரும். நாளைக்குத் திரிவீல் ஹாரன் அடிச்சுக்கிட்டு வரும். அப்புறம் என் வேலி எங்க?”

தகரங்களை ஒவ்வொன்றாக ஆணி அடித்தார். ஒன்றை மட்டும் ஆணி அடிக்காமல் சும்மா சாத்தி வைத்தார்.

“அது, ஐயா?”

“அது புள்ள வர்றதுக்கு.”

அன்று காலையில் எனக்கு வந்த பொறாமைக்குப் பக்கத்தில் அதற்கு முன்பு வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

கொழும்பில் பெரிய பாமசி ஒன்றில் வேலை கிடைத்து அவள் போனாள். போகிற அன்று கொல்லை கொல்லையாகச் சொல்லிக்கொண்டு வந்ததில் பஸ்சை விட்டுவிட்டாள். என்னிடம் மட்டும் முன்வாசலால் வந்தாள். செருப்புக் காலில் இருந்தது. “போயிட்டு வர்றேன்” என்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்காராமல் போய்விட்டாள். அவள் முன்வாசலால் வந்தது மரியாதையா, இல்லை கேலியா என்று இன்னும் புரியவில்லை.

அவள் போன பிறகு என் படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. நடந்து பார்த்தால்தான் தெரிந்தது. சாத்தி வைத்த தகரத்துக்கு ஆணி விழுந்தது. சிங்கள நோனா கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். அம்மாவும் சித்தியும் இப்போது ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள். சம்பல் டப்பா மட்டும் என் கையில், மெயின் ரோட்டைச் சுற்றி.

மறுபடி திருவிழா வருகிறது. கோயில் கமிட்டி இந்த முறை மெயின் ரோட்டோடு போகலாம் என்று சொல்லிவிட்டது. ஐயா வளவில் கோழிக்கூடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அம்மா குடையை எடுத்து, உடைந்த கம்பியை நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அவளுக்கு ஃபோன் போட்டேன். அடுக்குமாடியில் இருக்கிறாளாம். வரிசையாகப் பூட்டின கதவுகள், அடுப்படிப் பக்கம் வழியே கிடையாது என்றாள். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அடுத்த மூச்சிலேயே, “பக்கத்து வீட்டு நோனா பலாக்காய்க் கறி குடுத்தாங்க மேப்பு. மேல் மாடியில ஒரு ஆன்ட்டி இருக்காங்க, அவங்க பால்கனியில நின்னா கடல் தெரியுது. தெனமும் போறேன்” என்றாள். அங்கேயும்!

“ஐயாகிட்ட ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லேன். அம்மாவுக்காக.”

“ஃபோன்ல எங்க மணம் வரும்? நீ போ.”

“எனக்கு அதெல்லாம் வராது.”

“வராதுதான். அதுக்கு? போ.”

நாளைக்குப் போகிறேன். படம் கொண்டுபோகமாட்டேன். ஃபோன் வீட்டில் இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் குனிந்து போய், ஆணி அடித்த அந்தத் தகரத்தில் தட்டுவேன். பெரியம்மா எட்டிப் பார்த்தால் என்ன சமைக்கிறார் என்று கேட்க வேண்டும். அம்மனை எங்கே இறக்கி வைப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். அது அவளுடைய கேள்வி, எனக்கு வேண்டாம். ஐயாவிடம் வேலியைப் பற்றிக் கேட்கப் போகிறேன். யார் கட்டியது, தகரம் எங்கே வாங்கியது, முதல் ஆணி அடித்த அன்று எப்படி இருந்தது என்று. அவர் சொல்லச் சொல்லக் கேட்க வேண்டும். நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. காலை மிதிக்க ஆள் இல்லை, நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். குடையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்தப் புள்ள மாதிரி ஒனக்குப் பேசத் தெரியுமாடா?” என்றாள்.

தெரியாது. கிழியாத சட்டையாகப் பார்த்து எடுத்து வைத்தேன். பிறகு அதை உள்ளே வைத்துவிட்டு, போன தடவை அந்தத் தகரத்தில் கிழிந்து பெரியம்மா விசாரித்த சட்டையையே எடுத்துக் கொடியில் போட்டேன்.